ஒரே வகுப்புல பார்வை இல்லாத பொண்ணு, பார்வை கம்மியான பையன்: பாடத்த எப்படி மாத்தறது?

தங்கச்சி, ஒங்க கேள்விய மொதல்ல படிக்கறவங்க எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லிடறேன். நம்ம மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில நீங்க படிச்சுக் கொடுக்கறீங்க, மூணாம் ஆண்டு, மொத்தமே பதினொரு புள்ளைங்க. அதுல ஒரு பையனுக்கு கண்ணாடி போட்டும் பார்வை கம்மி. ஒரு பொண்ணுக்கு பொறந்ததுலேர்ந்தே பார்வை இல்ல, வெளியூர்ல ரெண்டு வருசம் இருந்து, விரலால தொட்டுப் படிக்கற ப்ரெயில் எழுத்து ஓரளவு கத்துக்கிட்டு இப்ப குடும்பத்தோட திரும்பி வந்திருக்கு. "பையனுக்கு எல்லாத்தையும் பெருசா ஃபோட்டோஸ்டேட் எடுத்துக் குடுத்து, பொண்ணுக்கு வாயால சொல்லிட்டா போதுமாக்கா"ன்னு கேட்டிருந்தீங்க.

ரெண்டும் போதாதும்மா. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

தாள மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்விய கேட்டுக்குங்க, இந்தப் பயிற்சி புள்ளைக்கு எத சொல்லித் தர வந்துச்சு? "படத்தைத் துணையாகக் கொண்டு வாக்கியம் அமைத்திடுக"ன்னு ஒரு பயிற்சி இருக்கு, அதுல பசார்ல ஒரு அம்மா காய் வாங்கற மாதிரி படம் இருக்கு. அங்க நாம சோதிக்கறது வாக்கியம் அமைக்கறத, படம் பாக்கறத இல்ல. அப்ப அந்தப் பொண்ணு கையில ஒரு கூடை, ரெண்டு கத்திரிக்கா, நாலு சில்லறைக் காசு குடுத்தா வேல முடிஞ்சுது, மத்த புள்ளைங்க எழுதற அதே தரத்துல வாக்கியம் அவகிட்டேர்ந்து வரணும். ஆனா பட்டை வரைபடத்த படிச்சு பதில் சொல்ற கணக்கு வந்தா கத வேற, அங்க வரைபடத்த படிக்கறதுதான் பாடமே, அதனால அத எடுத்துடக் கூடாது, தொட்டு படிக்கற மாதிரி செஞ்சு தரணும். இத பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதி வேல கொறஞ்சிடும். பாடநூல்ல இருக்கற படத்துல நெறைய சும்மா அழகுக்கு போட்டது, அதெல்லாம் விட்டுடலாம்.

இப்ப பையன் விசயத்துக்கு வரேன். பார்வை கம்மின்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. டாக்டர் கடுதாசியில 6/18, 3/60 அப்படின்னு எழுதியிருப்பாங்க. 3/60ன்னா மத்தவங்க 60 மீட்டர் தூரத்துல பாக்கறத இந்தப் புள்ள 3 மீட்டர் கிட்ட வந்தாத்தான் பாக்க முடியும்னு அர்த்தம். நல்லா தெரியற கண்ணுல, கண்ணாடி போட்டும் 6/18க்கு கீழ போயி 3/60 வரைக்கும் இருந்தா பார்வை கம்மி, 3/60க்கும் கீழன்னா பார்வை இழப்பு, பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் கொறைவா சுருங்கிப் போனாலும் பார்வை இழப்புன்னுதான் கணக்கு. இந்த கடைசி வரிய மறக்காதீங்க, இதுலதான் நான் ஒரு தடவ பெரிய தப்பு பண்ணேன்.

ரொம்ப வருசத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு பையன் இருந்தான், ராத்திரியில கண்ணு தெரியாது, பகல்ல நடக்கும்போது பக்கத்துல இருக்கற நாற்காலியில இடிச்சுக்குவான். நான் பார்வை கம்மின்னா எழுத்த பெருசு பண்ணணும்னு மட்டும் தெரிஞ்சவ, எல்லாத் தாளையும் ஏ3ல பெருசாக்கி குடுத்தேன். அவன் வாசிக்கறது இன்னும் மெதுவா ஆச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஈப்போ பெரியாஸ்பத்திரி கண் டாக்டர்தான் வெளக்கினாரு, அவனுக்கு நடுவுல மட்டும் தெரியும், ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி. எழுத்து பெருசாக ஆக அந்தக் குழாய்க்குள்ள ரெண்டு எழுத்துதான் அடங்குது, ஒரு சொல்ல முழுசா பாக்கவே முடியல. அவனுக்கு வேண்டியது சாதாரண அளவு எழுத்து, நல்ல கருப்பு, வரிக்கு வரி எடம் விட்டு. அந்த ரெண்டு மாசம் அவன் பட்ட சிரமம் எனக்கு இன்னும் மனசுல இருக்கு. அதனால டாக்டர் கடுதாசிய படிக்காம தாள் தயார் பண்ணாதீங்க, பெத்தவங்களுக்கு அது புரியலன்னா நீங்களே கூடப் போயி கேளுங்க. உடம்பும் முடியும் வெள்ளையா பொறந்த புள்ளையா இருந்தா வெளிச்சம் கண்ண கூசும், அவனுக்கு சன்னல் பக்கம் முதுகு இருக்கணும், பளபளன்னு இருக்கற தாள் வேணாம், தொப்பி போட்டுக்க விடுங்க. கண்ணு ஆடிக்கிட்டே இருக்கற புள்ளைங்க தலைய ஒரு பக்கமா சாய்ச்சு பாப்பாங்க, அப்படி சாய்ச்சாத்தான் ஆட்டம் கொறஞ்சு தெளிவா தெரியும், "நேரா ஒக்காரு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

ஒங்க பையனுக்கு பெருசாக்கறதுதான் சரின்னு டாக்டர் சொல்லிட்டா, ஃபோட்டோஸ்டேட் மிசின நம்பாதீங்க. ஏ4 தாள ஏ3 ஆக்கினா 141 விழுக்காடுதான் பெருசாகுது, 12 புள்ளி (கம்பியூட்டர்ல எழுத்தோட அளவு, பாயிண்ட்டுன்னு சொல்வாங்க) எழுத்து கிட்டத்தட்ட 17 புள்ளி ஆகும், அவ்வளவுதான். பெரிய எழுத்துன்னு சொல்றது 18 புள்ளிலேர்ந்துதான் ஆரம்பம். தமிழுக்கு என் அனுபவத்துல 22, 24 வேணும், ஏன்னா நம்ம எழுத்துல விசயமே சின்னச் சின்ன எடத்துல இருக்கு. ஒரு புள்ளி மங்கிப் போனா 'பட்டம்' வேற மாதிரி ஆயிடும், ன, ண ரெண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், கி, கீ ரெண்டுக்கும் மேல ஒரு சின்ன சுருட்டல்தான் வித்தியாசம். ஃபோட்டோஸ்டேட்ல மங்கல் எழுத்து பெரிய மங்கல் எழுத்தாத்தான் ஆகும், அதோட ஏ3 தாள் அந்த சின்ன மேசையில மடங்கி விழும், பக்கத்து புள்ளையோட எடத்துல போயி நிக்கும், அது அவனுக்கே வெக்கமா இருக்கும். திரும்ப டைப் பண்ணி ஏ4லயே, ஒரு பக்கத்துக்கு மூணு நாலு கேள்வி மட்டும் வச்சு, கொடி கொடியா அலங்காரம் பண்ற எழுத்து இல்லாம நேரா தடிப்பா இருக்கற எழுத்துல, ஒன்றரை வரி எடம் விட்டு குடுங்க. படத்து மேல எழுத்து ஏறி இருக்கவே கூடாது. இளநீலம், இளஞ்சிவப்பு கட்டத்துக்குள்ள எழுத்து போடற பழக்கம் நம்ம பயிற்சிநூல்கள்ல ரொம்ப இருக்கு, அந்தப் புள்ளைக்கு அது எதுவுமே எழுதாத கட்டம் மாதிரிதான்.

வெள்ளைப் பலகையில கருப்பு மார்க்கர் மட்டும். செவப்பும் பச்சையும் தூரத்துலேர்ந்து காணாம போயிடும்.

எழுதும்போதே வாய்விட்டு சொல்லுங்க, இது ரெண்டு பேருக்குமே ஒதவும். "இத இதோட கூட்டி இங்க போடணும்"னு நாம நாள் பூரா சொல்றோம், சொல்றது நமக்கே தெரியாது. "இருபத்தி மூணோட பதினாறு, மொதல்ல ஒண்ணாம் எடம், மூணும் ஆறும் ஒம்பது"ன்னு சொல்லிப் பழகுங்க. செல்பேசியில ஒரு நாள் ஒங்க பாடத்த ஒலிப்பதிவு பண்ணி ராத்திரி கண்ண மூடிக் கேளுங்க, எத்தன 'இது', எத்தன 'அங்க' வருதுன்னு அப்ப புரியும்.

இனி பொண்ணு. வாயால சொன்னா போதுமான்னு கேட்டீங்கல்ல, இதுக்கு நான் அழுத்தமா இல்லன்னு சொல்றதுக்குக் காரணம் நம்ம மொழியே. நம்ம ஊர்ல வாழப்பழத்த எத்தன பேரு வாளப்பளம்னு சொல்றோம்? காதால மட்டும் கேட்டு வளர்ற புள்ளைக்கு ல, ள, ழ எங்க வரும்னு எப்படித் தெரியும்? ர, ற? ந, ன, ண? கண்ணால படிக்கற புள்ளைங்க நாளைக்கு நூறு தடவ அந்தச் சொல்ல பாத்துப் பாத்து மனசுல பதிய வச்சுக்கறாங்க, இவளுக்கு அந்த வழி விரல்தான். ப்ரெயில்ல ல ஒரு வடிவம், ள ஒரு வடிவம், ழ ஒரு வடிவம், தொட்டா தனித்தனியா இருக்கும். காதுல மட்டும் பாடம் நடத்தினா அவ நல்லா பேசுவா, பொதுக்கூட்டத்துல கவிதை கூட சொல்லுவா, ஆனா எழுத்தறிவு வராது. நல்ல மூளையுள்ள புள்ளைங்க அப்படி நின்னுபோனத பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

ப்ரெயில் நீங்களும் கத்துக்குங்க, பயப்படாதீங்க, கண்ணால படிக்க ரெண்டு வாரம் போதும். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி, எடது பக்கம் மேலேர்ந்து கீழ 1, 2, 3, வலது பக்கம் 4, 5, 6. லூயி ப்ரெயில்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, மூணு வயசுல அப்பாவோட தோல் பட்டறையில கண்ணுல அடிபட்டு பார்வை போனவரு, இருபது வயசுல 1829ல இத புத்தகமா வெளியிட்டாரு. தமிழுக்கும் அதே ஆறு புள்ளிதான். அ வந்து 1ஆம் புள்ளி மட்டும், க வந்து 1, 3, ம வந்து 1, 3, 4, ல வந்து 1, 2, 3. இப்ப ஒரு அழகான விசயம் சொல்றேன். மலாய், இங்கிலீஷ் பாடத்துல வர்ற கே, எம், எல் எழுத்துக்கும் இதே புள்ளிங்கதான். நம்ம பள்ளியில கண்ணு தெரியற புள்ள மூணு மொழிக்கு ரெண்டு விதமான எழுத்த கத்துக்கணும், இவ விரலுக்கு நம்ம க-வும் அந்த கே-வும் ஒரே வடிவம். ஆனா அதுவே கொழப்பமும் தரும், அதனால தாளோட மொதல் வரியில இது தமிழ், இது மலாய், இது இங்கிலீஷ்னு அடிச்சிடுங்க.

இன்னொண்ணு, இது தெரியாம ரொம்ப ஆசிரியர்ங்க புள்ளைய திட்டிடறாங்க. 'கோழி'ன்னு நாம எழுதினா மொதல்ல கொம்பு, அப்பறம் க, அப்பறம் கால். ப்ரெயில்ல அப்படி இல்ல, ஓசை வர்ற வரிசைதான்: க, ஓ, ழ, இ. நாலு கட்டம். "ரெட்டக் கொம்பு போடு, கால் போடு"ன்னு நீங்க சொன்னா அவளுக்கு ஒண்ணும் புரியாது, அவ எழுத்துல கொம்பே கெடையாது. மெய்யெழுத்துக்கு புள்ளி நாம மேல வைப்போம், ப்ரெயில்ல அது அந்த எழுத்துக்கு முன்னாடி வரும், 4ஆம் புள்ளியா. 'அம்மா'ன்னா அ, புள்ளி, ம, ம, ஆ, மொத்தம் அஞ்சு கட்டம். சொல்வதெழுதல் திருத்தும்போது இத மனசுல வச்சுக்குங்க, உயிர்மெய் பாடம் நடத்தும்போது மத்த புள்ளைங்களுக்கும் இத காட்டுங்க, க்+ஓ=கோ-ங்கறது அவ தாள்ல அப்படியே கண்ணுக்கு முன்னாடி இருக்கும், பதினொரு பேருக்கும் நல்லா பதியும்.

எழுதறதுக்கு ப்ரெயில் அடிக்கற பெர்க்கின்ஸ் மிசின் இருந்தா நல்லது, ஆறு விசை, நடுவுல எடைவெளி விசை, 1951லேர்ந்து இருக்கு, கிட்டத்தட்ட 5 கிலோ கனம், சத்தம் போடும், அடியில ஒரு பழைய துண்ட மடிச்சுப் போட்டா சத்தம் கொறையும். மிசின் கெடைக்கற வரைக்கும் சிலேட்டும் குத்தூசியும், அதாவது ஓட்டை வச்ச சட்டத்துல தாள மாட்டி கையால புள்ளி குத்தறது. அதுல வலதுலேர்ந்து எடதா, கண்ணாடியில தெரியற மாதிரி எடவலம் மாத்தி குத்தி, தாள திருப்பி படிக்கணும், சின்னப் புள்ளைக்கு மொதல்ல கஷ்டம்தான். தாளுக்கு மணிலா அட்டைய வெட்டிக்கலாம். ப்ரெயில் தாள்ங்கள படுக்க வச்சு மேல மேல அடுக்காதீங்க, புள்ளி அமுங்கிப் போச்சுன்னா படிக்க முடியாது, நிக்க வச்சு வைங்க, நம்ம ஊரு மழைக்கு ஈரம் படாத எடமா பாத்து வைங்க.

படம் செய்யறதப் பத்தி ஒரு நாள் நடந்தத சொல்றேன். அறிவியல் பாடத்துக்காக நான் ஒரு கோழி படத்த அட்டையில வரைஞ்சு, கோட்டு மேல பசை தடவி, தடிச்ச நூல ஒட்டி, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஒக்காந்து செஞ்சேன். காலையில ஒரு பொண்ணுகிட்ட குடுத்தேன். ரெண்டு விரலால நூல் மேலயே போனா, வளைஞ்சு வளைஞ்சு, திரும்ப ஆரம்பிச்ச எடத்துக்கே வந்தா. "டீச்சர், இது கயிறா?"ன்னு கேட்டா. தப்பு அவ மேல இல்ல. ஒரு பொருள தூரத்துலேர்ந்து பாத்தாத்தான் அதுக்கு வெளிக்கோடுன்னு ஒண்ணு உண்டு, தொட்டுப் பாக்கறவளுக்கு கோழின்னா றெக்க, சூடு, பட்டுப் பட்டுன்னு அடிக்கற நெஞ்சு, சொரசொரன்னு கால். மறுநாள் லயத்துலேர்ந்து ஒரு கெழவி கட்டிப்போட்ட கோழிய தூக்கிட்டு வந்து மடியில வச்சாங்க. அவ கால் விரல எண்ணினா, முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு. கொண்டைய தொட்டு சிரிச்சா. வகுப்புல ஒரு புள்ளைக்கும் அதுவரைக்கும் கோழிக்கு எத்தன விரல்னு சரியா தெரியாது, அன்னிக்கு எல்லாரும் அவகிட்டதான் கேட்டாங்க.

அதனால மொதல்ல நெசப் பொருள், அது முடியலன்னா மாதிரி உருவம், கடைசியாத்தான் ஒட்டுப் படம். தோட்டத்துல பொருளுக்கா பஞ்சம்? ரப்பர் காய்க்குள்ள மூணு கொட்டை, செம்பனைப் பழம், தென்ன ஈர்க்கு, கச்சான், பச்சப் பயறு, எல்லாம் காசில்லாத பாடப்பொருள். ஆனா வரைபடம், நாட்டுப்படம், வடிவியல் இதுக்கெல்லாம் ஒட்டுப் படம் வேணும், அப்ப ஒரு படத்துல ஒரு விசயம் மட்டும் வைங்க. மலேசியா படத்துல மாநில எல்லை, ஆறு, பட்டணம், ரயில் பாதை எல்லாத்தையும் ஒட்டினா விரலுக்கு அது வெறும் குப்பை. எல்லைக்கு ஒரு தாள், நூல் ஒட்டி. ஆறுக்கு வேற தாள். கடல் பக்கம் மணல்தாள் ஒட்டிட்டா நெலம் எது கடல் எதுன்னு ஒடனே தெரியும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல கொறஞ்சது ஒரு சுண்டுவிரல் அகலம் விடுங்க. தொட்டுக் காட்டும்போது அவ கைய புடிச்சு இழுக்காதீங்க, ஒங்க கைய படத்து மேல வச்சு அவ கைய ஒங்க கை மேல வச்சுக்க சொல்லுங்க, அவளா வர்றப்ப மெதுவா எடுத்துடுங்க.

கணக்குக்கு நம்ம கடையில விக்கற செம்போவா மணிச்சட்டம் போதும், ஆனா மணி லேசா தொட்டாலே நகரும், தொட்டு படிக்கறவளுக்கு அது ஆகாது. மணிக்குப் பின்னாடி பஞ்சு மாதிரி இருக்கற ரப்பர் துண்ட ஒட்டிட்டா மணி நின்ன எடத்துல நிக்கும். பார்வை இல்லாதவங்களுக்குன்னே வர்ற மணிச்சட்டத்துலயும் இதுதான் ஏற்பாடு.

பெரிய ஒதவி இன்னொண்ணு கம்பியூட்டர்ல இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க பழக்கத்தால அது கெட்டுப் போகுது. என்விடிஏன்னு ஒரு மென்பொருள், காசு கெடையாது, திரையில இருக்கறத படிச்சுக் காட்டும், தமிழும் படிக்கும். செல்பேசியில அதே வேலைய செய்யற டாக்பேக் இருக்கு. ஆனா தாள நீங்க பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல டைப் பண்ணியிருந்தா, திரையில தமிழா தெரிஞ்சாலும் உள்ள இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கு, மென்பொருள் அத கண்டபடி ஒளறும். எல்லா கம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுல டைப் பண்ணுங்க. நம்ம நாட்டு முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல் இருக்கு, செல்லினம் இருக்கு, யூனிகோடுல அடிக்க இன்னிக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அதே மாதிரி பாடநூல் பக்கத்த ஃபோன்ல படம் புடிச்சு வாட்சப்ல அனுப்பறது, அது படம், அதுல படிக்க எழுத்தே கெடையாது. யூனிகோடுல ஒரு தடவ அடிச்ச பாடம் பையனுக்கு 24 புள்ளியில அச்சாகும், பொண்ணுக்கு கம்பியூட்டர் படிச்சுக் காட்டும், ப்ரெயிலா மாத்தறதுக்கும் அதே கோப்புதான். ஒரு வேல, மூணு பயன்.

ஒரு விசயத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, அது நேரம். மத்த புள்ளைங்க கையில திங்கக்கெழம தாள் இருந்தா இவங்க கையிலயும் திங்கக்கெழம இருக்கணும். புதன்கெழம வர்ற ப்ரெயில் தாள்ல பாடம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது முடிஞ்சு போன பாடம். அதுக்கு நீங்க ஒரு வாரம் முன்னாடியே பாடத்திட்டத்த எழுதி முடிச்சிருக்கணும், தலைமையாசிரியர்கிட்ட சொல்லி மத்த ஆசிரியர்ங்களையும் அப்படியே பழக்கணும். எல்லா பயிற்சியும் செய்யணும்னு இல்ல, ப்ரெயில் வாசிப்புக்கு கண்ணால வாசிக்கறத விட நேரம் அதிகம் வேணும், பத்து கணக்குக்கு பதிலா நாலு குடுங்க, ஆனா அந்த நாலுல கஷ்டமான கணக்கும் இருக்கட்டும். சுலபமா மாத்திக் குடுக்கறது பாசம் மாதிரிதான் தெரியும், ஆறாம் ஆண்டு முடிச்சு இடைநிலைப் பள்ளிக்கு போறப்ப அந்தப் பாசத்தோட வெல என்னன்னு தெரியும்.

வெளி ஒதவிக்கு: ரெண்டு புள்ளைக்கும் ஓக்கேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இருக்கான்னு பாருங்க, டாக்டர் பாரம் நெறப்பி கையெழுத்து போடணும், சமூகநல இலாகாவுல குடுக்கணும், அது இருந்தாத்தான் மத்த கதவு தொறக்கும். மாவட்டக் கல்வி இலாகாவுல சிறப்புக் கல்விக்குன்னு அதிகாரி இருப்பாரு, வாயால பேசாம கடுதாசியா எழுதிக் குடுங்க, நகல் ஒண்ணு வச்சுக்குங்க. 2019லேர்ந்து எந்தப் புள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாதுங்கறது நம்ம கல்வி அமைச்சோட கொள்கை, 2008ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இருக்கு, அதனால யாராவது "வேற பள்ளிக்கு அனுப்பிடுங்க"ன்னு சொன்னா தயங்காம பேசுங்க. மலேசிய பார்வையற்றோர் சங்கம் 1951லேர்ந்து இருக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல, சுங்கை சிப்புட்ல ரயில் ஏறினா கேஎல் சென்ட்ரல்ல எறங்கி கிட்டதான். பினாங்குல செயின்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கு. ரெண்டு எடத்துலயும் போயி கேளுங்க, அந்தப் பொண்ணையும் அவ அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. படிச்சு வேலைக்குப் போற பார்வை இல்லாத பெரியவங்கள அந்த அம்மா ஒரு தடவ நேர்ல பாக்கணும், அது நான் பத்து தடவ பேசறதுக்கு சமம்.

எங்கிட்ட ஒரு சிலேட்டும் குத்தூசியும் மிச்சம் இருக்கு, ரப்பர் ஒட்டின மணிச்சட்டம் ஒண்ணும் இருக்கு. சனிக்கெழம பசார் மாலத்துக்கு டவுனுக்கு வந்தா வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போங்க, பையனோட டாக்டர் கடுதாசியையும் கையோட கொண்டாங்க, ஒக்காந்து ஒண்ணா படிப்போம்.